சொல்வதை எழுதுபவர்

மின்விசிறியை நிறுத்தி வெகுநேரம் ஆகிவிட்டது, முதுகில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்தப் பிள்ளை இன்னும் வாயைத் திறக்கவில்லை. முதல் கேள்வியைப் படித்துக் காட்டினேன், அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகளையும் படித்தேன், படிப்பதற்கு எனக்கு அனுமதி உண்டு, விளக்குவதற்குக் கிடையாது. அவள் என்னையும் பார்க்கவில்லை, கேள்வித்தாளையும் பார்க்கவில்லை, ஜன்னலில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் அங்கே பார்க்கிறேன். ஒன்றும் இல்லை, கம்பி, அதில் துரு, அதற்கு அப்பால் கோவில்பட்டியின் மார்ச் மாத வெயில். காலையில் இவளுடைய பள்ளியின் சிறப்பாசிரியர் ரூபாவதி என்னைத் தனியே கூப்பிட்டு, “டீச்சர், இசக்கிப்ரியாவுக்கு ஆட்டிசம். விசிறிச் சத்தம் அவளுக்கு ஆகாது, தொடாதீங்க, ஒரே கேள்விய ரெண்டு வாட்டி கேக்காதீங்க, அவ சும்மா இருந்தா யோசிக்கான்னு வச்சுக்கோங்க” என்றாள். சரி என்று தலையாட்டினேன். சும்மா இருப்பதும் யோசிப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்பது இப்போதுதான் உறைக்கிறது. இருபத்தோரு வருஷமாக வகுப்பில் கணக்கு போடச் சொல்லிவிட்டு ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போவதற்குள் “என்ன, வரலையா?” என்று கேட்டுவிடுவேன். யாருக்கு எது எவ்வளவு தூரம் வந்துகொண்டிருந்தது என்று நான் பார்த்ததே இல்லை. “இ” என்கிறாள் அவள். திடுக்கிட்டுப் பேனாவை எடுக்கிறேன். “முற்றுப்புள்ளி” என்கிறாள்.

ஒரு கேள்வி போனது. இனி மற்றதும் போய்விடும். சொல்வதை எழுதுபவர் என்று அரசாங்கத் தாளில் என் வேலைக்குப் பெயர், ஜெபக்கனி, பட்டதாரி ஆசிரியர், கணிதம். பாடம் தெரிந்தவர்கள் உதவிவிடக் கூடாது என்பதால் தமிழ்த் தேர்வுக்குக் கணக்கு டீச்சரைப் போட்டிருக்கிறார்கள், அதுவும் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுக்கு. இதில் ஒரு சங்கடம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு ‘கருப்பு’க்கும் ‘கறுப்பு’க்கும் நடுவே எப்போதும் ஒரு தயக்கம், ‘முன்னூறு’ என்று எழுதும்போது ஒருதரம் பேனாவைத் தூக்கி யோசிப்பேன், அதனால்தான் எண்களோடு வாழ்க்கை நடத்துகிறேன். இவள் சரியாகச் சொல்லி நான் தப்பாக எழுதினால் மார்க் யாருக்குக் குறையும்? திருத்துகிறவருக்கு எழுத்து மட்டும்தானே தெரியும். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் ‘பாவம், ஒற்றுப்பிழை’ என்று இந்தப் பிள்ளையைப் பற்றி நினைப்பார், அவர் நினைப்பது என்னைப் பற்றியதாக இருக்கும். அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். அடுத்ததையும். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வேறு ஒன்று புலப்படுகிறது. இவள் பேசுவது எழுத்துத் தமிழ். ‘வந்துட்டு’, ‘போயிட்டு’ எதுவும் இல்லை. காலையில் உட்கார்ந்தவுடனே “எனக்குத் தண்ணீர் வேண்டும், குப்பியை வலப்பக்கம் வையுங்கள்” என்றாள். அறைக் கண்காணிப்பாளர் சண்முகவேல் சார் அவளை நிமிர்ந்து பார்த்தார், நாடகத்தில் பேசுகிறமாதிரி இருக்கிறதே என்று அவர் நினைத்திருக்க வேண்டும், நானும் அதையே நினைத்தேன். இங்கே வீட்டுக்கு ஒரு தமிழ், தாளுக்கு ஒரு தமிழ் என்று எல்லோரும் சிரமமில்லாமல் மாறிக்கொள்கிறோம், யாரும் சொல்லித் தரவில்லை, எங்கே மாற வேண்டும் என்று காற்றிலிருந்து பிடித்துக்கொண்டோம். இவளுக்கு அந்தக் காற்று வந்து சேரவில்லையோ? அல்லது இரண்டையும் பார்த்துவிட்டு, விதி உள்ளதையே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தாளா? கேட்க ஆசையாக இருக்கிறது. இப்போது கேட்கக் கூடாது.

மனப்பாடப் பகுதியை வானொலிச் செய்திபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்கிறாள், காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் சேர்த்து. என் கை அவளுக்குப் பின்னால் ஓடுகிறது. கை ஓடும்போது மனசு வேறெங்காவது போய்விடுகிறது, எனக்கு அப்படித்தான், சின்ன வயசிலிருந்தே. இப்போது போய் நிற்பது நான் பாடம் எடுக்கிற ஒன்பதாம் வகுப்பில், ஆன்ட்ரூ ராஜ் பக்கத்தில். அவன் உட்காரவே மாட்டான். எழுந்திருப்பான், பெஞ்சைச் சுற்றுவான், அடுத்தவன் ஸ்கேலை எடுத்துத் தாளம் போடுவான், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான், அந்தப் பதில் வேறு கேள்விக்கானதாக இருக்கும். ஆசிரியர் அறையில் அவனுக்கு எத்தனையோ பெயர்கள். ரூபாவதி எங்கள் பள்ளிக்கும் வாரம் ஒருநாள் வருவாள், அவள்தான் அதற்கு ஏடிஹெச்டி என்று ஒரு பெயர் சொன்னாள். பெயர் சொன்னால் என்ன மாறிவிடும் என்று கேட்டேன். “நீங்க அவன்கூட சண்டை போடுறது மாறும் டீச்சர்” என்றாள். அப்புறம் அவனைக் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றுகொண்டே கணக்கு போட விட்டேன். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் கரும்பலகையை அழிப்பது அவன் வேலை, ஓடி வந்து அழித்துவிட்டு ஓடிப் போவான். மார்க் ஒன்றும் ஏறிவிடவில்லை, முப்பத்தைந்தைச் சுற்றியேதான் நின்றது. ஆனால் அவன் நடந்துகொண்டே இருக்கும்போது நான் சொல்வது அவனுக்குக் கேட்கிறது என்று கண்டுபிடித்தேன். உட்கார வைத்தால் உட்காருவதிலேயே அவன் பலம் முழுக்கச் செலவாகிவிடுகிறது. இங்கே இருக்கிற இவள் அதற்கு நேர்மாறு, கல்லுப்போல இருக்கிறாள். இருவரையும் மாற்றுத்திறன் மாணவர்கள் என்று ஒரே பதிவேட்டில், ஒரே தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தலைப்புக்குள் எத்தனை அறைகள் இருக்கும்? அதில் ஒன்றில் நானும் இருக்கிறேனோ? அம்மா கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பேனே. ஐயோ, ஒரு வரி விட்டுவிட்டேனா? இல்லை. விடவில்லை. அரைப்புள்ளி.

அடுத்தது படத்தைப் பார்த்து எழுதுகிற கேள்வி. ஒரு பேருந்து நிறுத்தம், கோட்டோவியம். குடை வைத்த முதியவர், கூடையோடு ஒரு பெண், பை மாட்டிய இரண்டு பிள்ளைகள், மரத்தடியில் ஒரு நாய். இதற்கு எல்லோரும் என்ன எழுதுவார்கள் என்று எனக்கே தெரியும், மரம் வளர்ப்போம், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவோம், நான்கு வரி, முழு மதிப்பெண். இவளுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறாள். எவ்வளவு நேரம் பார்ப்பாள்? மரத்தைச் சொல், மரத்தைச் சொல் என்று எனக்குள் ஒரு குரல் இரைகிறது, என் விரலாவது அந்த மரத்தின்மேல் போய்விடக் கூடாதே என்று இடது கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். “இந்தப் படத்தில் மனிதர்கள் ஒருவருக்கும் காது இல்லை” என்கிறாள். எழுதுவதற்கு முன்னால் படத்தைப் பார்க்கிறேன். உண்மைதான். முதியவருக்குத் தலைப்பாகை, பெண்ணுக்குத் தலைமுடி, பிள்ளைகளின் தலைகள் வெறும் வட்டம். வரைந்தவர் அவசரத்தில் விட்டிருப்பார். “நாய்க்கு மட்டும் காது இருக்கிறது. ஆகையால் பேருந்து வருவது நாய்க்குத்தான் முதலில் தெரியும். முற்றுப்புள்ளி. மற்றவர்கள் அமைதியாக நிற்கிறார்கள். அவர்களுக்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அவர்கள் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது. முற்றுப்புள்ளி.” எழுதிவிட்டேன். இதற்கு மார்க் விழுமா? விடைக்குறிப்பில் காது இருக்காது. ஆனால் கேள்வி என்ன, படத்தைப் பார்த்து எழுதுக என்பதுதானே. இந்த அறையில் படத்தைப் பார்த்தது இவள் ஒருத்திதான். நான் மரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்காதவர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறதே, அப்படியென்றால் இப்போது இவளுக்கு என்னென்ன கேட்டுக்கொண்டிருக்கிறது? காதைத் தீட்டிக்கொள்கிறேன். என் பேனா தாளில் உரசுகிறது. சண்முகவேல் சார் செருப்பைத் தேய்க்கிறார். அடுத்த அறையில் விசிறி ஓடுகிறது, அதற்கு ஒரு திக், திக் உண்டு. எங்கோ குழாய் சொட்டுகிறது. இவ்வளவும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே அளவில், எதையும் ஓரமாக ஒதுக்காமல் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? பொங்கலுக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்தில் நின்று வினைத்தொகைக்கு இலக்கணக் குறிப்பு எழுதுவது மாதிரியா?

ஷூ சத்தம். வராந்தாவில் மூன்று நான்கு பேர் வேகமாக வருகிறார்கள், பறக்கும் படை. சண்முகவேல் சார் விறைத்து நிற்கிறார். உள்ளே வந்த அதிகாரி மேசையில் இருந்த கேள்வித்தாள் கவரைப் பார்க்கிறார், என் அடையாள அட்டையைப் பார்க்கிறார், எல்லாம் சரி. போயிருக்கலாம். நல்ல மனுஷர்தான், முகத்திலேயே தெரிகிறது, வீட்டில் இதே வயசில் மகள் இருக்கலாம். “நல்லா எழுதும்மா” என்று சொல்லி அவள் தலையில் கையை வைத்துவிட்டார். ரூபாவதி என்னிடம் சொன்னாள், இவரிடம் யாரும் சொல்லவில்லை, நான் சொல்லியிருக்கலாம், வாசலில் வரும்போதே சொல்லியிருக்கலாம், அந்தக் கை போவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நாற்காலி சரிந்தது. அவள் மேசைக்குக் கீழே இருக்கிறாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ம்ம்ம் என்று ஒரே சுதியில் ஓர் ஓசை. அதிகாரிக்கு முகம் வெளிறிவிட்டது. “நான் ஒண்ணும் பண்ணலையே மேடம், சும்மா ஆசீர்வாதமா...” என்கிறார். “தெரியும் சார். கொஞ்சம் போயிருங்க சார், சத்தமில்லாம” என்கிறேன். போகிறார்கள். நாலு பேரும் குதிகாலைத் தூக்கி நடக்கிறார்கள்.

சண்முகவேல் சார் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருகிறார், வேண்டாம் என்று கையைக் காட்டுகிறேன். “டாக்டர் யாரையாச்சும் கூப்பிடவா? அவ ஹெச்.எம்.க்கு போன் போடவா?” என்கிறார். அதற்கும் கையைக் காட்டுகிறேன். எனக்கு என்ன தெரியும் என்று இவ்வளவு திடமாகக் கையைக் காட்டுகிறேன்? எதுவும் தெரியாது. இவளுக்கென்று கூடுதலாகக் கொடுத்த ஒரு மணி நேரமும் இந்த மேசைக்குக் கீழேயே கழிந்துவிட்டால்? கட்டுரை இருக்கிறது, கடிதம் இருக்கிறது. வெளியே இவள் அம்மா காலையிலிருந்து நிற்கிறாள். ஆனால் மேலே நாற்காலியில் உட்கார்ந்து கீழே குனிந்து ஒரு பிள்ளையைப் பார்ப்பது எனக்குச் சகிக்கவில்லை. விடைத்தாளையும் கேள்வித்தாளையும் எழுதுகிற அட்டையையும் எடுத்துக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன், அவளுக்கு எதிரே இல்லை, பக்கவாட்டில், சுவரைப் பார்த்தாற்போல. முட்டி மளுக்கென்றது. சிமெண்டுத் தரை சுடுகிறது. அந்த ஓசை நிற்கவில்லை. கேட்கக் கேட்க அது அழுகை இல்லை என்று தெரிகிறது. அழுகைக்கு மேடு பள்ளம் உண்டு. இது டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கேட்கிற மாதிரி சமமாக ஓடுகிறது. எதற்கு இது? வெளிச் சத்தத்தைத் தன் சத்தத்தால் மூடுகிறாளா? என் வீட்டுக்காரர் அரிசி விலை பேச ஆரம்பித்தால் நான் மிக்சியைப் போடுவேனே, அதுவா? இல்லை, இது இவளுக்கு ஒரு கைப்பிடிபோல இருக்கிறது, ஆடுகிற பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்துக்கொள்வோமே. பிடியை விடு என்று யாரும் சொல்வதில்லை, பஸ் நின்றால் தானே விட்டுவிடுவோம். ரூபாவதி வேறொன்றும் சொன்னாள். “அவ திரும்பி வந்துருவா டீச்சர், வர்ற வழிய மட்டும் யாரும் மறிக்கக் கூடாது.” நான் மறிக்கவில்லை. சுவரில் யாரோ எப்போதோ காம்பஸால் கீறிய ஒரு மீன் இருக்கிறது. மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசாமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

“மேடம், மேல வந்து சொல்லச் சொல்லுங்க” என்று சண்முகவேல் சார் குனிந்து மெல்லச் சொல்கிறார். “யாராச்சும் வந்தா நான்ல பதில் சொல்லணும்.” “கீழ உக்காந்து எழுதக் கூடாதுன்னு எங்கயும் போடல சார்.” “போடலதான். ஆனா யாரும் இப்படி எழுதுனதும் இல்லையே.” அவர் போய் வராந்தாப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார், கொக்கியைச் சத்தம் வராமல் போட்டார், வாசலுக்குப் போய் வெளியே பார்த்து நின்றுகொண்டார். அவர் முதுகில் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. அந்த மனிதரும் விசிறி இல்லாமல்தான் இவ்வளவு நேரமும் இருக்கிறார் என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஓசை எப்போது நின்றது என்றும் கவனிக்கவில்லை. “அடுத்த வினாவைப் படியுங்கள்” என்கிறது மேசைக்குக் கீழேயிருந்து ஒரு குரல், ஒன்றுமே நடக்காததுபோல.

படிக்கிறேன். பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு பெற்ற உன் தோழிக்கு வாழ்த்துக் கடிதம் எழுதுக. அல்லது, உங்கள் தெருவில் குப்பை அகற்றப்படாதது குறித்து நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக. “எங்கள் தெருவில் குப்பையை அகற்றுகிறார்கள். தினமும் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி வருகிறது. ஆகவே இரண்டாவது பொய்” என்கிறாள். சரி. முதலாவது? நீளமான மௌனம். இந்த மௌனத்துக்கு எனக்கு இப்போது பயமில்லை, இதுவும் ஒரு வேலை நடக்கிற இடம் என்று தெரிந்துவிட்டது. “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்கிறாள். சொல்லலாமா? பெயரைச் சொல்வது உதவியில் சேருமா? எந்த விதியிலும் இல்லை, ஆனால் இல்லாத விதிகள்தான் எனக்கு எப்போதும் பயம். “ஜெபக்கனி” என்கிறேன். “நீங்கள் ஓட்டப் பந்தயத்தில் பரிசு பெற்றிருக்கிறீர்களா?” இதோ, ஒரு சின்ன ‘ஆமா’. ஒரு ‘ஆமா’ சொன்னால் போதும், வாழ்த்துக் கடிதம் வந்துவிடும், முழு மதிப்பெண். ஆனால் தெருக் குப்பையில்கூடப் பொய் சொல்லமாட்டேன் என்கிற பிள்ளை இது. “இல்ல” என்கிறேன். “ஓடியிருக்கேன். ஏழாவது படிக்கையில. பரிசெல்லாம் கிடைக்கல.” போச்சு. பிள்ளையின் மதிப்பெண்ணை நானே கெடுத்துவிட்டேன். அவள் யோசிக்கிறாள். “கடிதத்தில் தோழியை ‘நீ’ என்றுதான் எழுத வேண்டும். உங்களை அப்படிச் சொல்வதற்கு மன்னிக்கவும்” என்கிறாள். “பரவாயில்ல” என்பதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டாள், நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

“அன்புள்ள தோழி ஜெபக்கனிக்கு, காற்புள்ளி. நான் நலம். நீ நலமா என்று எனக்குத் தெரியாது. முற்றுப்புள்ளி. நீ ஏழாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் ஓடினாய் என்று இன்று அறிந்தேன். நீ பரிசு பெறவில்லை என்பதையும் அறிந்தேன். பரிசு பெற்ற தோழிக்கு எழுதச் சொல்கிறார்கள். அப்படி ஒரு தோழி எனக்கு இல்லை. ஆகவே ஓடியதற்காக உன்னை வாழ்த்துகிறேன்.” என் பெயரை நானே எழுதுவது தினமும் செய்கிற வேலை, வருகைப்பதிவேட்டில், விடுப்புக் கடிதத்தில், ஆனால் அங்கெல்லாம் கடைசியில் வரும். முதல் வரியில் இன்னொருவர் கூப்பிட்டு எழுதுவதுபோல எழுதி எத்தனை வருஷமோ. டீச்சர், மேடம், அம்மா, சித்தி, ஏய் இங்க பாரு. ‘நீ’ என்று கூப்பிடுகிற தோழி எனக்கு யார் இருக்கிறாள்? ஸ்டெல்லா இருந்தாள், கல்யாணமாகி குஜராத் பக்கம் வாபிக்குப் போனாள், புத்தாண்டுக்கு ஒரு பூப்படம் அனுப்புவாள். வேறு? தேடித் தேடிப் பார்க்கிறேன், இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்திருந்தால் நானும் மேசைக்குக் கீழே போயிருப்பேனோ என்னவோ. “நீ தரையில் உட்கார்ந்தது எனக்கு நன்றாக இருந்தது” என்கிறது குரல். எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் கோணுகிறது, திருத்திக்கொள்கிறேன். “தரை சூடாக இருக்கிறது. அடுத்த முறை துண்டு விரித்துக்கொள். முற்றுப்புள்ளி. இப்படிக்கு, உன் தோழி, அஅஅ.” விடைத்தாளில் சொந்தப் பெயர் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் என் தோழிக்குப் பெயர் அஅஅ.

கட்டுரையை மேலே ஏறி உட்கார்ந்து சொன்னாள், பாதியில் நிறுத்தி, “இவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றாள். நேரம் இன்னும் இருந்தது. “முடிந்துவிட்டது” என்று குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போய்வருகிறேன் இல்லை, நன்றி இல்லை, ஒரு பார்வைகூட இல்லை, எனக்குச் சுருக்கென்றது, பிறகு அந்தச் சுருக்கைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. நான் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவளும் அம்மாவும் நின்றார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள், கண்ணெல்லாம் கேள்வி. “டீச்சர், உங்களப் படுத்திட்டாளா? லெட்டர் எழுதுனாளா? அது ஒண்ணுதான் அவளுக்கு வராது. தோழி பேரு கலைச்செல்வின்னு வச்சுக்கோ, கலைச்செல்வின்னு வச்சுக்கோன்னு ஆறு மாசமா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். அப்படி யாரும் இல்லையேன்னு சொல்லுதா.” மகளிடம் திரும்பி, “கலைச்செல்விக்குத்தான எழுதுன பாப்பா?” என்றாள்.

“விடைத்தாளில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது” என்றாள் இசக்கிப்ரியா, சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடலாம், அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

“ஆமாம்மா,” என்றேன். “சொல்லக் கூடாது.”